சிவப்பு எச்சரிக்கை எதைச் சொல்கிறது? மலையகத்தின் கடும் மழையும் மண்சரிவும்: ஒரு விளக்கம்

வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வானொலி சொன்ன அன்றிரவே இலங்கையின் மலையகத்தில் கைத்தொலைபேசிகள் ஓயாமல் சத்தமிடத் தொடங்கும். ஒரு திணைக்களம் அம்பர் (செம்மஞ்சள்) நிற எச்சரிக்கை என்கிறது. இன்னொரு நிறுவனம் சிவப்பு என்கிறது. மூன்றாவது இடத்திலிருந்து அணையின் வான்கதவு திறந்தாயிற்று என்று செய்தி. எல்லாம் ஒரே வாட்ஸ்அப் குழுவில், யாரோ எடுத்த ஸ்கிரீன்ஷொட்டாக, திகதி வெட்டுப்பட்டு வந்து விழுகின்றன. நேற்றையதா, போன வருடத்தினதா என்றுகூடத் தெரியாது.

இந்தக் குழப்பத்தில் மூன்று கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கடல் எங்கேயோ இருக்க மலைக்கு ஏன் எச்சரிக்கை? மஞ்சள், அம்பர், சிவப்பு எதை அளக்கின்றன? போன தடவையும் சிவப்பு என்றார்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாடசாலையில் படுத்தோம், ஒன்றும் நடக்கவில்லை, பிறகு எதற்கு? இந்த மூன்றாவது கேள்விதான் ஆளைக் கொல்லக்கூடியது. அதற்கு விடை சொல்ல, முதல் இரண்டையும் கடந்துதான் போக வேண்டும்.

## கடலில் கூடுவது மலையில் கொட்டுவது ஏன்

மழைக்கு இரண்டு வேண்டும்: ஈரக் காற்று, அதை மேலே தூக்கிவிட ஏதோ ஒன்று. ஈரத்தைக் கடல் கொடுக்கிறது. தூக்கிவிடும் வேலையை மலை செய்கிறது. கடற்காற்று மலையில் மோதி மேலேறும்போது குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் முன்னளவு நீராவியைப் பிடித்துவைக்க முடியாது. மிச்சம் மழையாக இறங்குகிறது. கரையோரத்தில் சாதாரணமாகப் பெய்துவிட்டுப் போகும் மேகக்கூட்டம் மலைச்சரிவில் பல மடங்கு கொட்டிவிடுவது இதனால்தான்.

எந்தப் பக்கத்து மலை நனையும் என்பது காற்றின் திசையைப் பொறுத்தது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதுகிறது. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டு மழை 5,000 மி.மீ. அளவுக்குப் போவது அந்தக் காற்றால்தான். அதே மாதங்களில் மலைக்கு அந்தப் பக்கம் பதுளையும் பசறையும் காய்ந்து கிடக்கும், காற்று மட்டும் வீசும். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவக்காற்று. அப்போது பதுளைப் பக்கமான ஊவாவின் முறை. இரண்டுக்கும் நடுவே ஒக்டோபர், நவம்பரில் காற்றுக்கு ஒரு நிலையான திசை இருக்காது. காலையில் வெயில், பின்னேரம் இடியோடு மழை. வங்கக் கடலில் தாழமுக்கங்கள் அடுத்தடுத்து உருவாகும் காலமும் இதுவே. பின்னேர மழையில் ஊறிப்போன மண்ணின் மேல் ஒரு தாழமுக்கம் வந்து நின்றால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொள்கின்றன.

இங்கே ஒரு தப்பெண்ணத்தைக் களைய வேண்டும். சூறாவளிக்குப் பெயர் சூட்டுவது காற்றின் வேகத்தைப் பார்த்து. மணிக்கு 62 கிலோமீற்றரைத் தாண்டினால்தான் பெயர். மலைக்கோ காற்றின் வேகம் இரண்டாம் பட்சம். அந்தத் தொகுதி எவ்வளவு ஈரத்தோடு வருகிறது, எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பதே கணக்கு. 2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து, மூன்று கிராமங்கள் மண்ணுக்குள் போயின. இறந்தோரும் காணாமற்போனோருமாக 100க்கும் மேற்பட்டோர். அந்த மழையைக் கொண்டுவந்த தொகுதிக்கு அன்று பெயரே கிடையாது. அது இலங்கையைக் கடந்து வடக்கே போய், இரண்டு நாள் கழித்துத்தான் ‘ரோனு’ சூறாவளி ஆனது. பெயர் வரட்டும் பார்ப்போம் என்று காத்திருந்தவர்களுக்குக் காத்திருக்க நேரம் இருக்கவில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோதும், நாடு முழுவதும் இறந்த 600க்கும் மேற்பட்டோரில் பெரும் பங்கு கடற்கரை மாவட்டங்களில் இல்லை. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில். மழைமானிகள் பல இடங்களில் 24 மணித்தியாலத்தில் 300 மி.மீ.க்கு மேல் காட்டின.

## ஒரு மில்லிமீற்றர் என்றால் எவ்வளவு தண்ணீர்

செய்தியில் 150 மி.மீ. என்று கேட்டால் ஒரு சாண் உயரம்கூட இல்லையே என்று தோன்றும். கணக்கைத் தரையில் இறக்கிப் பார்ப்போம். ஒரு சதுர மீற்றரில் 1 மி.மீ. மழை விழுந்தால் அது சரியாக ஒரு லீற்றர்.

தனிவீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த 7 பேர்ச் காணியை எடுத்துக்கொள்வோம். அது ஏறக்குறைய 177 சதுர மீற்றர். அதில் 150 மி.மீ. மழை விழுந்தால் 26,500 லீற்றர். கூரைப் பக்கத்தில் நிற்கும் 1,000 லீற்றர் கறுப்புத் தாங்கி 26ஐ நிரப்பி, இரவோடிரவாக அந்த ஒரு துண்டுக் காணியில் கவிழ்ப்பதற்குச் சமம். எடை 26 தொன்னுக்கு மேல். இது ஒரு காணிக்கு. மேலே உள்ள மலை முழுவதற்கும் கணக்குப் போட்டு, அத்தனையும் கீழ்நோக்கி வழி தேடுகிறது என்று நினைத்துக்கொண்டால், அடுத்த பகுதி எளிதாகப் புரியும்.

## மண் ஏன் நழுவுகிறது

தண்ணீரின் பாரம் தாங்காமல் மண் இறங்குகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதி உண்மைதான். பாரத்தைவிடப் பெரிய காரணம் வேறு.

தேநீர் குடித்த கிளாஸை வெந்நீரில் கழுவி, சொட்டச் சொட்ட ஈர மேசையில் கவிழ்த்து வைத்திருப்பீர்கள். யாரும் தொடாமலே அது மெதுவாக நழுவும். கிளாஸுக்குள் அடைபட்ட சூட்டுக் காற்று விரிந்து அதைச் சற்றே மேலே தூக்குகிறது, கிளாஸ் மேசையை அழுத்தும் விசை குறைகிறது, உராய்வு போய்விடுகிறது. கிளாஸின் எடை மாறவேயில்லை. மாறியது பிடிமானம்.

மலைச்சரிவிலும் நடப்பது இதுதான், காற்றுக்குப் பதில் தண்ணீர். படிப்படியாகப் பார்த்தால்:

1. கீழே கருங்கல் பாறை, மேலே சில அடியிலிருந்து பல மீற்றர் வரை உக்கிய மண்ணும் கல்லும். பாறைக்குள் தண்ணீர் இலகுவில் இறங்காது, மண்ணுக்குள் இறங்கும்.

2. மண் லேசாக ஈரமாக இருக்கும்போது இன்னும் இறுக்கமாக நிற்கும். ஈர மணலில் வீடு கட்டலாம், காய்ந்த மணலில் முடியாது என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். மண் துணிக்கைகளுக்கிடையில் உள்ள கொஞ்ச நீர் அவற்றை இழுத்துப் பிடிக்கிறது.

3. மழை தொடர, இடைவெளிகள் முழுக்க நீரால் நிரம்புகின்றன. இழுத்துப் பிடித்த நீர் இப்போது துணிக்கைகளை விலக்கித் தள்ளத் தொடங்குகிறது. மண்ணியலாளர் இதை நுண்துளை நீரழுத்தம் என்பார்கள்.

4. கீழே போக வழியில்லாத நீர் பாறைக்கும் மண்ணுக்கும் இடையில் தேங்குகிறது. கிளாஸைத் தூக்கிய காற்றைப் போல அது மேல்மண்ணைத் தூக்குகிறது. பாறை பள்ளத்தாக்குப் பக்கம் சாய்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

5. பிடிமானம் ஒரு எல்லைக்குக் கீழே போன கணத்தில் எல்லாம் ஒன்றாகப் புறப்படுகிறது. நீர் அதிகமானால் மண், கல், மரம் எல்லாம் குழம்பி ஆறுபோலப் பாயும். அரநாயக்கவில் அப்படிப் பாய்ந்தது ஏறத்தாழ 2 கிலோமீற்றர் தூரம். நாங்கள் சரிவில் இல்லை, கீழே தரையில்தான் இருக்கிறோம் என்பது இதனால்தான் பாதுகாப்புக் காரணம் ஆகாது.

எந்த இடம் ஆபத்தானது என்பதிலும் கண் ஏமாற்றும். செங்குத்தாக நிற்கும் கற்பாறையைப் பார்த்துப் பயப்படுகிறோம். அங்கே சரிவதற்கு மண்ணே அதிகம் தங்கியிராது. உயர்ந்த மலையின் அடியில் கொஞ்சம் சமதரை, பக்கத்தில் வற்றாத ஊற்று, மண் வளமானது, ஒரு வரிசை வீடு கட்ட இதைவிட நல்ல இடம் உண்டா என்று தோன்றும் இடம் இருக்கிறதே, அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். பழைய காலத்தில் மேலேயிருந்து சரிந்து வந்த மண்ணும் கல்லும் குவிந்து உண்டான தரையாக அது இருக்கலாம். ஊற்று அங்கே இருப்பதும் தற்செயல் அல்ல. மலைக்குள் இறங்கிய நீர் வெளியே வரும் வாசல் அது. வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத் தொழிலாளர்களுக்கு லயம் என்ற வரிசை வீடு கட்டும்போது பார்த்தது தண்ணீர் வசதியையும், வேலை செய்யும் மலைக்கு எவ்வளவு கிட்ட என்பதையும்தான். மண்ணுக்கு அடியில் என்ன என்று பார்க்கும் அறிவும் அன்று பெரிதாக இல்லை, அக்கறையும் இல்லை.

## கான், பீலி, வேர்

மழையை நிறுத்த முடியாது. மழைநீர் மண்ணுக்குள் எவ்வளவு இறங்குகிறது என்பதில் மனிதக் கைக்குப் பங்குண்டு.

தேயிலை மலையில் சரிவுக்குக் குறுக்கே ஓடும் கான்களை, அதாவது வடிகால்களை, எடுத்துக்கொள்வோம். குறுக்குக் கான் மழைநீரைப் பக்கவாட்டில் மெதுவாகக் கொண்டுபோய், மேலிருந்து கீழ் இறங்கும் பெரிய கானில் சேர்க்க வேண்டும். பெரிய கான் அதை ஓடையில் விட வேண்டும். கான் வெட்டவும் தூர் எடுக்கவும் முன்பு தனி ஆட்கள் இருந்தார்கள். ஆள் குறைந்து, இருக்கிற ஆளும் கொழுந்துக்கே என்றானபோது முதலில் கைவிடப்பட்ட வேலைகளில் இது ஒன்று. மண்ணும் கவ்வாத்து வெட்டிய கிளையும் அடைத்துக்கொண்ட குறுக்குக் கான், கானாக இருப்பதை நிறுத்திவிட்டு ஒரு நீளமான தொட்டியாகிவிடுகிறது. தண்ணீர் ஓடாது, அங்கேயே நின்று மலைக்குள் இறங்கும். கான் வெட்டாத மலையைவிடக் கான் அடைத்த மலை மோசம் என்பது என் கணிப்பு.

வேரும் அப்படித்தான். விதைபோட்டு வளர்த்த பழைய தேயிலைக்கு ஆணிவேர் ஆழமாகப் போகும். தண்டு வெட்டி நட்ட வீ.பி. தேயிலைக்கு அந்த ஆணிவேர் கிடையாது. வேர் மேலாகவே பரவும். இரண்டுமே காட்டு மரத்தின் வேருக்கு ஈடாகாது.

வீட்டுப் பக்கம் வந்தால், லயத்துக்குப் பின்னால் குசினியை இழுத்துக் கட்டுவதற்காக மண்மேட்டை நாலடி உள்ளே வெட்டுவது பரவலான வழக்கம். வேறு இடம் இல்லாதவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மூன்று தலைமுறை ஒரே காம்பராவில் இருக்க முடியாது. ஆனால் சரிவின் காலை வெட்டுகிறோம் என்பது உண்மை. அதன் மேல் பீலி இல்லாத தகரக் கூரை தன் முழுத் தண்ணீரையும் அந்த வெட்டிய மேட்டின் அடியிலேயே கொட்டுகிறது. மழைக்காலத்தில் மலையகத்தில் அடிக்கடி விழுபவை பெரிய மலைகள் அல்ல, இந்த வீட்டுப் பின்பக்கத்து மண்மேடுகள்தான். செய்தியில் வரும் இடத்தைப் பெரிய சரிவுகள் எடுத்துக்கொள்கின்றன.

## எந்த எச்சரிக்கை யாருடையது

ஒரே நிறம், வேறு வேறு பொருள். குழப்பத்தில் பாதி இங்கேதான்.

1. வளிமண்டலவியல் திணைக்களம் சொல்வது வானத்தைப் பற்றி. ‘சில இடங்களில் 100 மி.மீ.க்கு மேற்பட்ட பலத்த மழை’ என்பது இனி வரப்போகும் மழை. இவர்களும் அம்பர், சிவப்பு என்று நிறம் சொல்வார்கள். அது மண்சரிவு நிறம் அல்ல.

2. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்வது மண்ணைப் பற்றி. பெயரைக் கேட்டால் செங்கல்லும் சீமெந்தும் ஞாபகம் வரும். ஆனால் நாட்டில் மண்சரிவு அபாய வரைபடம் வரைவதும் முன்னெச்சரிக்கை விடுவதும் இவர்கள் பொறுப்பு. எச்சரிக்கை பெரும்பாலும் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக, 24 மணித்தியாலத்துக்கு வரும்.

3. நீர்ப்பாசனத் திணைக்களம் சொல்வது ஆறுகளைப் பற்றி.

4. அனர்த்த முகாமைத்துவ நிலையம் இவற்றை ஒன்றுசேர்த்து மாவட்டம், பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர் வழியே கீழே இறக்குகிறது. அவசர இலக்கம் 117.

ஒரு செய்தி கைக்கு வந்தால் முதலில் பார்க்க வேண்டியவை நான்கு: யார் விட்டது, எந்தப் பிரதேச செயலகப் பிரிவுக்கு, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எந்தத் திகதி. இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த ஸ்கிரீன்ஷொட்டை நம்பி உட்காரவும் வேண்டாம், ஓடவும் வேண்டாம். 117க்கு அடித்துக் கேட்பது மேல். சிங்களத்தில் வந்த எச்சரிக்கை தமிழில் வந்துசேரப் பிந்துகிறது என்ற முறைப்பாடு மலையகத்தில் பழையது. அந்தத் தாமதம் எழுத்துப் பிழை போன்ற சின்ன விஷயம் அல்ல. இரண்டு மணித்தியாலம் பிந்திய மொழிபெயர்ப்பு என்பது, அந்த இரண்டு மணித்தியாலமும் எச்சரிக்கையே இல்லாமல் ஒரு லயம் தூங்கியது என்பதுதான்.

## மூன்று, நான்கு, ஆறு

மண்சரிவு நிறங்களுக்குப் பின்னால் இருக்கும் எண்கள் எளிமையானவை. 24 மணித்தியாலத்தில் பெய்த மழை:

75 மி.மீ.ஐத் தாண்டினால் மஞ்சள், முதலாம் கட்டம்: விழிப்பாக இருங்கள்.

100 மி.மீ.ஐத் தாண்டினால் அம்பர், இரண்டாம் கட்டம்: வெளியேறத் தயாராகுங்கள்.

150 மி.மீ.ஐத் தாண்டினால் சிவப்பு, மூன்றாம் கட்டம்: வெளியேறுங்கள். ஒரே மணித்தியாலத்தில் 75 மி.மீ. கொட்டினாலும் இதே கட்டம்தான். மண் உறிஞ்ச நேரமில்லாத மழை மேலாகவே அரித்துக்கொண்டு பாயும்.

தோட்டங்களில் மழையை இன்னும் ‘இஞ்சி’யில்தான் பேசுகிறார்கள். அந்தக் கணக்குக்கு இந்த எண்கள் அழகாகப் பொருந்துகின்றன: 3, 4, 6. மூன்று இஞ்சிக்கு விழிப்பு, நான்குக்குத் துணிப்பை கட்டு, ஆறுக்குப் புறப்படு. மனப்பாடம் செய்ய மில்லிமீற்றரைவிட இது வசதி.

வீட்டிலேயே அளக்கலாம். பக்கம் நேராக, அடியும் வாயும் ஒரே அகலமாக உள்ள பால்மா டின் ஒன்று போதும். கூரையும் மரமும் மறைக்காத வெளியில் ஆடாமல் வைத்து, தேங்கிய தண்ணீரில் பாடசாலை அடிமட்டத்தை நட்டால் எத்தனை மி.மீ. என்று நேராகவே வாசிக்கலாம். வாய் அகன்ற வாளி உதவாது. அது கூட்டிக் காட்டும்.

## சிவப்பு வந்தும் சரியவில்லையே?

இப்போது அந்த மூன்றாவது கேள்வி.

சிவப்பு எச்சரிக்கை, உங்கள் வீட்டுக்கு மேலே உள்ள மலை இன்றிரவு விழும் என்ற சோதிடம் அல்ல. அது சொல்வது இவ்வளவுதான்: இந்தப் பிரிவில் மழை ஒரு எல்லையைத் தாண்டிவிட்டது, இந்த எல்லைக்கு மேல் சரிவுகள் நடப்பது வழக்கம், எது என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஒரு பிரதேச செயலகப் பிரிவில் எத்தனையோ நூறு சரிவுகள். அவற்றில் இரண்டோ மூன்றோ விழும். மற்றவற்றின் கீழே இருந்தவர்கள் எல்லாரும் மறுநாள் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்றுதான் சொல்வார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் பிழை. தேய்ந்த பிரேக்கோடு ஒரு பஸ் நேற்று கினிகத்தேனை வளைவுகளில் பத்திரமாக இறங்கியது என்பதற்காக, இன்றும் அதில் ஏறலாம் என்று யாரும் சொல்வதில்லை.

போன வருடம் 6 இஞ்சி மழையைத் தாங்கிய சரிவு இந்த வருடம் அதே சரிவும் அல்ல. இடையில் ஒரு கான் அடைத்திருக்கலாம், மேலே ஒரு பாதை வெட்டியிருக்கலாம், போன மழையில் விழுந்த ஒரு விரல் அகல வெடிப்பு இந்த மழைக்குத் தண்ணீர் குடிக்கும் வாயாக இருக்கலாம்.

மறுபக்கமும் உண்டு. மஞ்சளிலேயே, எச்சரிக்கை எதுவும் இல்லாமலேயே, மண் விழுந்த சம்பவங்கள் உள்ளன. காரணங்கள்:

1. மழைமானி இருப்பது ஒரு மலையில், நீங்கள் இருப்பது இன்னொரு மலையில். மலையக மழை முகட்டுக்கு முகடு மாறும். டன்சினன் பக்கம் வெளித்திருக்க, பூண்டுலோயாவில் கொட்டும்.

2. எல்லை 24 மணித்தியால மழைக்கு. அதற்கு முன் பத்து நாள் விடாமல் தூறி மண் ஊறியிருந்தால், குறைந்த மழையே போதும்.

3. தினசரி மழை காலை 8.30க்கு அளந்து எழுதப்படுகிறது. அதிகாலை 2 மணியிலிருந்து 8.30 வரை 70 மி.மீ., அதன்பின் பகலில் இன்னொரு 70 என்று பெய்தால், புத்தகத்தில் இரண்டு நாள், இரண்டு 70. இரண்டும் மஞ்சளுக்குக் கீழே. மண்ணுக்கோ அது ஒரே மழை, 140. தானியங்கி மானிகள் ஓடும் கணக்கை வைத்திருப்பதால் இந்தத் தவறைச் செய்யாது. தோட்டத்து ஒபிஸ் புத்தகத்தை மட்டும் பார்ப்பவர் செய்துவிடலாம்.

4. வெட்டிய மண்மேடு எந்த எல்லைக்கும் கட்டுப்படாது.

ஆகவே நிறம் என்பது குறைந்தபட்சம். அதற்கு மேல் கண் வேலை செய்ய வேண்டும்.

## கண் பார்க்க வேண்டியவை

தரையில் புது வெடிப்பு, பழைய வெடிப்பு அகலமாவது. சுவரில், சீமெந்துத் தரையில் கீறல். நேற்று வரை மூடிய கதவு இன்று நிலையில் உரசுவது. மின்கம்பமோ சவுக்கு மரமோ சாய்வது. புதிதாக ஓரிடத்தில் ஊற்று கிளம்புவது, இருந்த ஊற்று கலங்குவது, திடீரென நின்றுபோவது. கடைசியாகச் சொன்னதைப் பலரும் நல்ல சகுனமாக எடுத்துவிடுகிறார்கள். மழை கொட்டும்போது ஊற்று நிற்கிறது என்றால் உள்ளே வழி அடைபட்டு அழுத்தம் ஏறுகிறது என்று அர்த்தம்.

வெடிப்பு பழசா, நகர்கிறதா என்று தெரியாவிட்டால், அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முளை அடித்து இடைவெளியை அளந்து, திகதியோடு சுவரில் கரியால் எழுதிவைக்கலாம். சுவர்க் கீறலானால் அது முடியும் இடத்தில் ஒரு குறுக்குக் கோடும் திகதியும். அடுத்த மழைக்குக் கோட்டைத் தாண்டியிருந்தால் பேச்சுக்கு இடமில்லை. கிராம உத்தியோகத்தரிடம் ‘வீடு வெடிக்குதுங்க ஐயா’ என்று சொல்வதைவிட, மூன்று திகதியும் மூன்று அளவும் எழுதிய சுவரின் படத்தைக் காட்டுவது அதிகம் பேசும்.

## மீரியபெத்தை

2014 ஒக்டோபர் 29, காலை ஏழரை மணி அளவில், பதுளை மாவட்டத்தின் ஹல்துமுல்லைப் பிரிவில் கொஸ்லந்தை மீரியபெத்தை. சில நிமிடங்களில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 30க்கும் மேற்பட்ட உயிர்கள். பலருடைய உடல் கிடைக்கவேயில்லை. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், திரும்பிவர வீடு இல்லாமல்.

அந்த இடம் ஆபத்தானது என்பது அன்று புதிதாகத் தெரிந்ததல்ல. 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. அப்படியானால் ஏன் இருந்தார்கள் என்று கொழும்பிலிருந்து கேட்டார்கள். கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும்: எங்கே போவது? லயம் அவர்களுடையதல்ல, காணி அவர்களுடையதல்ல. ஓரிரவுக்கு வெளியேறுவது ஒன்று. குடியிருப்பையே மாற்றுவது வேறொன்று. முதலாவதற்கு ஒரு அறிவித்தல் போதும். இரண்டாவதற்குக் காணி வேண்டும், அதை விடுவிக்கத் தோட்ட நிர்வாகமும் அரசும் கையெழுத்திட வேண்டும்.

ஓரிரவு வெளியேறுவதும் சும்மா இல்லை. பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) போகாத நாளுக்குப் பெயர் விழாது, சம்பளம் இல்லை. மாட்டையும் கோழியையும் யார் பார்ப்பது? சேர்ந்து தங்கச் சொல்லும் பாடசாலையோ பிள்ளை மடுவமோ (குழந்தைகள் பராமரிப்பு நிலையமோ) அதே சரிவில் இருந்தால்? எத்தனை பேருக்கு எத்தனை மலசலகூடம்? எச்சரிக்கை முறைமை, போக ஓர் இடம் இருப்பவர்களை மனதில் வைத்து வரையப்பட்டது. மலையகத்தில் அது தடுக்கி விழும் இடம் தொழில்நுட்பம் அல்ல, இதுதான். தங்குமிடம் பாதுகாப்பானதா என்பதை மழைக்கு முன், வெயில் மாதத்திலேயே கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தைக் கொண்டு பார்த்து வைத்த தோட்டத்தில் சிவப்பு எச்சரிக்கைக்குக் கால் எழும்பும்.

## திடீர் வெள்ளம், வான்கதவு

மலையில் வெள்ளம் தேங்குவது குறைவு, பாய்வதே அதிகம். ஓடும் நீரின் வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்கால் அளவு ஓடைத் தண்ணீர் பெரிய ஆளையும் சாய்ப்பது அதனால்தான். மேலே முகட்டில் பெய்த மழை சிற்றோடையில் ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே இறங்கிவிடலாம், உங்கள் தலைக்கு மேல் ஒரு துளி விழாதபோதும்.

மழை விடாமல் பெய்ய ஓடையில் தண்ணீர் திடீரெனக் குறைந்தால் அது நல்லதற்கல்ல. மேலே எங்கோ மண்ணும் மரமும் விழுந்து அணைபோல மறித்திருக்கலாம். அது உடைந்தால் வருவது வெறும் தண்ணீராக இராது.

வான்கதவு வேறு விஷயம். காசல்ரீ, மவுசாக்கலை பெரிய நீர்த்தேக்கங்கள். நிறைய நீரை உள்வாங்கும். மேல் கொத்மலை, நோர்ட்டன் பிரிட்ஜ், கெனியன், லக்சபான சிறியவை; பலத்த மழைக்கு வேகமாக நிரம்பி வான் பாயும் அல்லது கதவு திறக்கும். திறப்பதால் அணை உடைகிறது என்று பொருளில்லை, உடையாமல் இருக்கவே திறக்கிறார்கள். சைரன் சத்தம் அணைக்குக் கீழே ஆற்றோரம் இருப்பவர்களுக்கு: குளிப்பவர், துணி துவைப்பவர், மணல் அள்ளுபவர். இந்த நீர் களனி வழியே கொழும்புக்கும், மகாவலி வழியே மூதூர்ப் பக்கம் கடலுக்கும் போய்ச் சேரும். கரையோரத்துக்கு நாள்கணக்கில் அவகாசம் உண்டு. மேல் கொத்மலை அணைக்கு அருகிலுள்ள தலவாக்கலைக்கு இல்லை.

## மழை விட்ட பிறகு

வெயில் அடித்ததும் வீட்டுக்குத் திரும்புவதுதான் இயல்பு. மண்ணுக்குள் இறங்கிய நீர் வெளியே வர மழையைவிட அதிக நேரம் எடுக்கும். ஆழமான மண்ணில் நீர்மட்டம் மழை ஓய்ந்த பின்னும் ஏறிக்கொண்டே இருக்கலாம். வானம் வெளித்த மறுநாள் சரிந்த மலைகள் உண்டு. எச்சரிக்கை நீக்கப்படுவதும், உங்கள் சரிவை ஒருவர் நேரில் வந்து பார்த்துச் சரி என்பதும் இரண்டு வேறு காரியங்கள். வெடிப்பு கண்ட வீடானால் இரண்டாவது நடக்கும்வரை அங்கே இரவு தங்கக் கூடாது. மாட்டுக்குப் புல் போடவோ அடையாள அட்டையை எடுக்கவோ போக வேண்டியிருந்தால் பகலில், இரண்டு பேராக; ஒருவர் உள்ளே, மற்றவர் வெளியே மலையைப் பார்த்தபடி.